ஆரஞ்சுக் கண்ணாடி

இந்நேரம் எலும்பும் தோலுமாகக் கிடந்திருக்க வேண்டிய பூனை, கூண்டின் மூலையில் கொழுகொழுவென்று உட்கார்ந்து தன் பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது. மேதைக்கு எரிச்சல் வந்தது. அது பிழைத்ததில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. தன்னைக் கேட்காமல் பிழைத்ததுதான் பிடிக்கவில்லை.

மேதை என்பது ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். கிண்டலாகத்தான் வைத்தார்கள். ஒருநாள் காதில் விழுந்தபோது பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அந்த அளவுக்கு மேதை.

பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும் வைரஸ் ஒன்று உண்டு. அதைத் தடுக்கும் மரபணுவைக் குரங்கிடமிருந்து எடுத்து, முடமாக்கிய ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி, பாதிப் பூனைகளின் உடம்புக்குள் அனுப்பியிருந்தார். அது போய்ச் சேர்ந்ததைக் காட்டிக்கொடுக்க, ஒளிரும் மரபணு ஒன்றும் கூடவே போயிற்று. நீல விளக்கை அடித்து, ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால் அந்தப் பூனைகளின் ஈறும் மூக்கும் பச்சையாகத் தெரியும். மீதிப் பூனைகளுக்கு எதுவும் தரவில்லை. பிறகு எல்லாவற்றுக்கும் நிஜ வைரஸைச் செலுத்தினார். பச்சைகள் பிழைக்க வேண்டும், மற்றவை நலிய வேண்டும். நலிய வேண்டிய ஒன்றுதான் இப்போது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கூண்டை மாத்திட்டியா?" என்று பராமரிப்பாளரிடம் கேட்டார்.

"இல்லைங்க சார். நீங்க சொன்ன மாதிரிதான், ஜோடி ஜோடியா வெச்சிருக்கேன்."

"நீ எதைத்தான் ஒழுங்கா செஞ்சிருக்க? போய் டீ குடி. அதையாவது உருப்படியா செய்."

பச்சை ஒன்றும் மற்றது ஒன்றுமாக ஜோடி சேர்க்கச் சொன்னது மேதைதான். கூண்டுகள் போதவில்லை, அவருக்கோ அவசரம். அப்போதிருந்த கால்நடை மருத்துவர் மட்டும் தடுத்துப் பார்த்தார். "சார், முடமான வைரஸ் தானா பரவாது, சரி. ஆனா நிஜ வைரஸும் அதே உடம்புல இருந்தா, இதையும் சேத்துத் தூக்கிட்டு வெளிய வந்துடும். ஒண்ணா வெச்சா கடிச்சுக்கும், ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குப் போயிடும்."

"உங்க வேலை பூனைக்கு நகம் வெட்டுறது" என்றார் மேதை. அந்தம்மா வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டிலிருந்து போன் வந்தது. "என்னங்க, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு" என்றாள் மனைவி. "ஆனா ஒரு மாதிரி சத்தமே இல்லாம உக்காந்திருக்கா."

"சத்தம் இல்லைன்னா சந்தோஷப்படு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

விளக்கை அணைத்தார். ஜன்னல் இல்லாத அறையில், மருந்துத் தண்ணீரால் துடைத்த தரையின் நெடியும் ஈர மரத்தூளின் வாடையும் பூனை மூத்திரத்தின் காரமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் இறங்க, கூரையில் காற்றோட்ட மின்விசிறி எதையோ மென்றுகொண்டிருப்பது போல ஓட, மேதை ஆரஞ்சுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீல விளக்கை அந்தக் கொழுத்த பூனையின் முகத்துக்கு நேரே நீட்டினார். அது வாயைத் திறந்தது. ஈறு முழுக்கப் பச்சை.

பக்கத்துக் கூண்டு. பச்சை. அடுத்ததும் பச்சை. ஒரு பூனைகூடக் கத்தவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லா முகங்களும் அவர் பக்கமே திரும்பியிருந்தன.

விளக்கைக் கீழே இறக்கினார். தண்ணீர்க் கிண்ணத்தில் பச்சை. கம்பியில், மேசை விளிம்பில், அவருடைய டீக் கோப்பையின் உதட்டில். கோப்பையைப் பிடித்த கட்டைவிரலில்.

போன வாரம் ஒரு பூனை அந்த விரலைக் கடித்திருந்தது. கையுறை போடுவது பயந்தாங்கொள்ளிகளின் வேலை என்று நினைப்பவர், விரலைச் சப்பிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். சொன்னால் அறையைப் பூட்டிவிடுவார்கள். அன்று மாலை அதிசயமாக மகளை மடியில் வைத்துக் கொஞ்சினார். மறுநாளே அவளுக்குக் காய்ச்சல்.

பூனை வைரஸ் மனிதரைத் தொடாது. மாணவர்களை முட்டாள்கள் என்று திட்டித் திட்டி அவரே நடத்திய பாடம். ஆனால் ஏற்றி அனுப்பியது மனிதனுக்கு நெருங்கிய குரங்கின் மரபணு. பூனைகளின் உடம்புக்குள் அது வேறு எதோடெல்லாம் சேர்ந்திருக்கும்? அவருக்கு முதல்முறையாக ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைப் பிடுங்கிப் பையில் திணித்து, விளக்கையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

வீட்டில் மகள் சோபாவின் மூலையில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். வாசலில் இருந்தபடியே அவர் வீட்டு விளக்கை அணைத்தார்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி.

"பேசாம இரு." மகள் முன்னால் மண்டியிட்டார். "பாப்பா, வாயைத் திற."

திறந்தாள். நீல ஒளி. நீலப் பற்கள். நீல நாக்கு. பச்சை இல்லை. விரல் நுனிகளைப் பார்த்தார். இல்லை. கண் இமைகளை இழுத்துப் பார்த்தார். இல்லவே இல்லை.

மேதை தரையில் உட்கார்ந்து சிரித்தார்; மடியில் கிடந்த நீல விளக்கு அவர் முகத்தின்மேல் அடித்தது. நகம் வெட்டுகிறவள் பேச்சுக்கு இவ்வளவு தூரம் நடுங்கினோமே என்று தன்மேலேயே வெட்கமாக இருந்தது. நாளைக்கு அந்தப் பராமரிப்பாளனை வேலையை விட்டுத் துரத்த வேண்டும்.

மகள் அவர் பையைத் துழாவி எதையோ எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அப்பா, உங்க மூஞ்சி ஏன் முழுசா பச்சையா இருக்கு?"

சிரிப்பு நின்றது. அவர் கை தன் முகத்தைத் தடவியது. கண்ணாடி இல்லை. கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறார். கண்ணாடி போடாமல் பார்த்தால் பச்சை தெரியாது. எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரிந்த விஷயம்.

மெதுவாக அதை அவள் முகத்திலிருந்து கழற்றினார். மாட்டிக்கொண்டு விளக்கை அவள் பக்கம் திருப்பினார்.

மகள் சொல்லாமலேயே வாயைத் திறந்தாள். பச்சை. தொண்டை வரைக்கும் பச்சை. அவளுக்குப் பின்னால், சமையலறைக் கதவின் இருட்டில், தரையோடு தரையாகக் குந்தியிருந்தாள் மனைவி. இரண்டு பச்சைக் கண்கள், இமைக்காமல். இருவரும் அவரையே பார்த்தார்கள். ஒரு சத்தமும் இல்லை.

மகள் தன் கையைத் தூக்கி, மெல்ல நக்க ஆரம்பித்தாள்.