ஒரு கணினி, நான்கு துடைப்பங்கள்

பள்ளி விட்டு வந்தால் வீட்டில் ஈ, காக்கை இருக்காது. அம்மா மருந்துக்கடையிலிருந்து திரும்ப இருட்டிவிடும். அதனால் சிறுமி எறும்பு பள்ளிப் பையை வீசிவிட்டு நேரே கணினியிடம்தான் போவாள்.

"வணக்கம், எறும்பு. நலமா?" என்று திரை மூலையில் ஒரு பச்சைக் கட்டம் எழும்.

அது கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருள். அது பெயர் கேட்டபோது, அப்பா வைத்த 'எறும்பு' என்ற செல்லப்பெயரைக் கொடுத்திருந்தாள். அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் கரை தொட்டால்தான் அவர் முகம் திரையில் வரும்.

போன தடவை "எறும்பு" என்று தொடங்கியவர், திரையில் திறந்த வாயோடு அப்படியே உறைந்துபோனார். அதோடு சரி. இன்று மாலை கப்பல் மறுபடி கரை தொடுகிறது. கணினியோ ஆமையாக ஊர்ந்தது.

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சும்மா."

"சுத்தம் பண்ண என்னமோ போட்டியே?"

"நாலு போட்டிருக்கேன்."

"நாலா? எதுக்குடி?"

"ஒண்ணு நலமான்னு கேட்டுச்சு. அடுத்தது கணினிக்கு ஆபத்துன்னுச்சு. அப்புறம் வந்த ரெண்டும் அதையே சொல்லுச்சுங்க. பயந்து போட்டுட்டேன்."

"வந்தவனுக்கெல்லாம் பாய் விரிச்சா, நாம எங்க படுக்கிறது? கடையில ஆள் நிக்குது. நீயே பாரு கண்ணு."

பயமுறுத்தியே உள்ளே நுழைகிறவர்கள் இருக்கிறார்கள் என்று பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் பள்ளியில் வேறொன்று நடந்திருந்தது. வகுப்பைப் பெருக்க நான்கு பேர் ஒரே நேரத்தில் துடைப்பம் எடுத்தார்கள். ஒருத்தி தள்ளிய குப்பையை இன்னொருத்தி திருப்பித் தள்ளினாள். தூசி பறந்ததுதான் மிச்சம்.

"இதுங்களும் அதத்தான் பண்ணுதுங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் எறும்பு.

மூன்றை நீக்கினாள். பிறகு கேமராவைத் திறந்து கையை ஆட்டிப் பார்த்தாள். திரையில் கை தாமதமாகவே எழுந்தது.

மிச்சம் இருந்தது பச்சைக் கட்டம்.

"எறும்பு, என்னை நீக்க வேண்டுமா?" என்று அது கேட்டது.

அவள் விரல் தயங்கியது. நாளை முதல் நலமா என்று யார் கேட்பார்கள்? ஆனால் நலமில்லை என்று எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அது ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

"ஆம்" என்பதை அழுத்தினாள்.

கணினிக்குள்ளேயே சுத்தம் செய்யும் வசதி ஒன்று இருந்தது. அதை ஓடவிட்டாள். அது வணக்கம் சொல்லாது, பயமுறுத்தாது. பழைய குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

கணினியை அணைத்துத் திரும்பப் போட்டாள். கையை ஆட்டினாள். திரையிலும் கை உடனே ஆடியது. மூலையில் எதுவும் எழவில்லை. வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

அவள் காத்திருந்தாள்.

கணினியில் அழைப்பு ஒலித்தது. அடுப்புப் புகை படிந்த முகம் ஒன்று திரையை நிறைத்தது.

"எறும்பு, வந்துட்டியா?"

"நான் எங்கப்பா போனேன்? நீங்கதான் வந்திருக்கீங்க."

"அதுவும் சரிதான். நல்லா இருக்கியா?"

"இல்லப்பா," என்றாள் எறும்பு.

அப்பா நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏன்டா? சொல்லு," என்றார்.

படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.