அவன் கேட்காத கண்ணாடி

"மூணாவது வரியைப் படிங்க சார்..."

கண்ணாடிக் கடையின் பின்புறம், இருட்டறை. வெளியே மழை. நாற்காலியில் நெடுநெடுவென்று ஒருவன். பஸ் ஓட்டுநர். பார்வை நன்றாக இருக்கிறது என்று சான்று வாங்க வந்தவன்.

"டி... எஃப்... அப்புறம்... ஏ!"

பலகையில் இருந்தது ஹெச். கண் பரிசோதகி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"தெரிஞ்சு சொல்றீங்களா, இல்ல அடிச்சு விடுறீங்களா?"

"டி, எஃப் வந்தா கூடவே ஏ வரணும் மேடம். மூணும் சேர்ந்தா டி மைனர்... கிட்டார்ல."

அவள் கை அப்படியே நின்றது. அவளும்தான் ஆன்லைனில் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தாள். விரல் வைக்கும் இடம் பழகிவிட்டது. ஆனால் கார்டுகளின், அதாவது சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டுகளின், பெயர்கள் தண்ணி காட்டின. மேஜராம், மைனராம்... வீடியோ வாத்தியார் படத்தைக் காட்டிவிட்டுப் பறந்துவிடுவார்.

"நானும் ஆன்லைன்ல கிட்டார் கத்துக்கிறேன். அந்தப் பேரெல்லாம் எப்படித்தான் வெச்சாங்களோ? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல" என்றாள், வேலையை மறந்து.

"நானும் ஆன்லைன்தான் மேடம். உங்களவிட நாலு பாடம் முன்னாடி இருப்பேன், அவ்வளவுதான்." மழைச் சத்தத்தின் நடுவே அவன் குரல் இதமாக வந்தது. "எந்த ஸ்வரத்து மேல கட்டுறோமோ, அதுதான் பேரு. அதுலேர்ந்து ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு எண்ணி எடுத்தா கார்டு. நடுவுல இருக்கே மூணாவது... அதை ஒரு கட்டம் இறக்கினா மேஜர் மைனராயிடும். ஈ மேஜர் பிடிச்சுட்டு ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துப் பாருங்க. சிரிச்ச முகம் சட்டுனு வாடும்."

கருவி வழியே அவன் கண்களைப் பார்த்தாள். தேன் நிறம்... வெளிச்சம் பட்டதும் கூசிச் சுருங்கின. தேவைக்கு ஒரு நொடி கூடுதலாகவே பார்த்தாள். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்?

"கண்ணாடி இல்லாம நீங்க பஸ் ஓட்டக்கூடாது சார். இப்ப சான்று தர முடியாது."

அவன் முகம் இறுகியது. "இத்தனை வருஷத்துல என் வண்டியில ஒரு கீறல் கிடையாது!"

"கொஞ்சம் முழுசா கேளுங்க..."

கேட்கவில்லை. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அன்று வீட்டில் ஈ மேஜர் பிடித்தாள். ஆள்காட்டி விரலை எடுத்தாள். அறையே வாடிப்போனது போல் இருந்தது.

"என்னடி, இப்பதான் சிரிச்சுது, அதுக்குள்ள அழுவுது?" என்றாள் அக்கா.

"அக்கா... புரிஞ்சிடுச்சுக்கா!"

"எது? கிட்டாரா, நீ வந்ததுலேர்ந்து புலம்புறியே அந்த ஆளா?"

அவள் தலையணையை எடுத்து எறிந்தாள்.

அவன் வருவான் வருவான் என்று பார்த்தாள். வரவில்லை. அவன் கண்ணின் அளவுதான் இருக்கிறதே... அவளே ஒரு சட்டகம் தேர்ந்தெடுத்து, அவன் கேட்காத கண்ணாடியைத் தயார் செய்தாள். மழையில் நனைந்தபடி, அவன் படிவத்தில் எழுதியிருந்த பஸ் டிப்போவுக்குப் போனாள்.

சான்று இல்லாததால் அவனை ஓட்ட விடவில்லை போலும். விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தான்.

"எந்த பஸ்?"

"பஸ் வேணாம்."

குரலை அறிந்து எழுந்துவிட்டான். கண்ணாடியை நீட்டினாள். அவன் கை நீளவில்லை.

"எங்கப்பாவும் டிரைவர்தான் மேடம். கண்ணாடியிலதான் ஆரம்பிச்சுது... கடைசியில பார்வையே போயிடுச்சு. எனக்கும் அப்படித்தானேன்னு..."

"அதைத்தானே சொல்ல வந்தேன்! உங்க கண் உள்ள ஆரோக்கியமா இருக்கு. இது வெறும் கிட்டப்பார்வை. வருஷா வருஷம் வந்து காட்டுங்க, போதும். இதைப் போட்டா தாராளமா பஸ் ஓட்டலாம். அதுக்குள்ள ஐயாவுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு..."

அவன் மெல்லக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். அவளைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் தடுமாறிப்போனாள்.

"அது... சஸ்னு ஒரு கார்டு வருதே, அது என்ன?"

"நடுவுல இருக்கிற மூணாவதை எடுத்துட்டுப் பக்கத்து ஸ்வரத்தை வைக்கிறது. சந்தோஷமா, சோகமான்னு சொல்லாம அந்தரத்துல நிக்கும்."

"எனக்கு அப்படி நிக்க முடியல." அவள் தலை நிமிர்ந்தாள். "கண்ணாடியைக் கடைப் பையன்கிட்ட குடுத்து அனுப்பியிருக்கலாம். நானே வந்தேன். உங்களைப் பாக்காம இருக்க முடியலங்க..."

அவன் எழுந்தான். ஜன்னலைப் பூட்டிவிட்டு, குடையோடு வெளியே வந்தான்.

"அன்னிக்கு எழுத்து மட்டுமில்ல, உங்க முகமும் எனக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுது" என்றான். "குரலைக் கேட்டே மனசு போயிடுச்சு. பார்வை போகப்போறவனுக்கு இந்த ஆசை எதுக்குன்னுதான்... திரும்பி வரப் பயமா இருந்துச்சு."