கடலடியில் பாதிப் பங்கு

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஹில்டா எடுத்தாள்.

"மேடம், பீச் ரோட்டுல கேபிள் கம்பெனி வச்சிருக்காருல்லா சுந்தர்சிங்... ஆபீஸ்லயே செத்துக் கெடக்காரு. கழுத்துல கேபிள்."

திங்கட்கிழமை காலையில் இப்படி ஒரு சேதி!

சுந்தர்சிங் லேசுப்பட்ட ஆள் இல்லை. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு வரை கடலுக்கடியில் ஃபைபர் கேபிள், தலைக்கு மேலே சாட்டிலைட், போட்ட பணம் இரண்டே வருடத்தில் நாலு மடங்கு என்று பேசியே ஆளை மயக்குவான். கேபிள் அறுந்தால் சாட்டிலைட் கைகொடுக்குமாம். சாட்டிலைட் விழுந்தால் கேபிளாம். இரண்டும் எங்கே என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பேராசைக்கு ஏது கேள்வி கேட்கிற பழக்கம்?

"நேத்து காலைல எட்டு மணி வாக்குல உயிர் போயிருக்கு" என்றார் ஆபீஸில் பிணத்தைப் பார்த்த டாக்டர்.

மேஜையில் ஒரு பத்திரம். கம்பெனியில் சுந்தர்சிங்குக்கும் இன்னொருவருக்கும் ஆளுக்குப் பாதிப் பங்கு. ஒருவர் இறந்தால் முழுவதும் மற்றவருக்கு.

அந்த மற்றவர், நாசரேத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் மகாராஜன். ஹில்டா அவரை அங்கேயே வரவழைத்தாள்.

வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம். கண்ணில் மருந்துக்கும் ஈரமில்லை.

"நேத்து காலைல எங்க இருந்திய, அண்ணாச்சி?"

"கடல்ல, மேடம். நம்ம கேபிள் போவப்போற எடத்தப் பாக்கணும்லா. திரேஸ்புரத்துல ஒரு படகு புடிச்சுப் போனேன்."

"யார் படகு?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? அங்கன நூறு படகு மீன் புடிக்கக் கெளம்பிக்கிட்டு நின்னுச்சு. ஒண்ணுல ஏறிட்டேன்."

"நூறு படகா?"

"கூடவே இருக்கும்."

பொய் சொல்பவனுக்கு வாய் நிற்காது. ஹில்டா மணப்பாட்டுக்காரி, கடற்கரையில் மீனவர் வீட்டில் பிறந்தவள். சிரித்தாள்.

"நேத்து ஞாயித்துக்கெழம, அண்ணாச்சி. திரேஸ்புரத்துல ஒத்தப் படகு கடலுக்குப் போவாது. ஊரே மாதா கோயில்ல பூசையில இருக்கும்."

மகாராஜன் முகம் வெளுத்தது. இரும்பு விற்ற மனிதருக்குக் கடற்கரை வழக்கம் தெரியவில்லை.

"முழுசும் எனக்கே வரட்டும்னுதான்..." மேஜையிலிருந்த பத்திரத்தை எட்டிப் பார்த்தார். "ஜெயிலுக்குப் போனாலும் கம்பெனி எம்பேருலதான இருக்கும், மேடம்?"

அடப்பாவி மனுஷா!

ஹில்டா பீரோவைத் திறந்தாள். உள்ளே இன்னும் பதினோரு பத்திரங்கள். எல்லாவற்றிலும் அதே வாசகம். பெயர் மட்டும் வேறு வேறு.

"இத்தன பேருக்கும் இதே பாதிப் பங்கு எழுதிக் குடுத்திருக்கான். கேபிளும் கெடையாது, சாட்டிலைட்டும் கெடையாது. அவன் கழுத்துல கெடந்ததே டிவி ஒயரு."

மகாராஜன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப... எனக்கு?"

"கம்பெனிக்குத்தான் பன்னெண்டு பேரு. கொலை முழுசும் உங்களுக்குத்தான், அண்ணாச்சி."