நாற்பது கிலோ சுளை

காலை 9.10. பொன்முடி அடிவாரம். பலாச்சுளை உலர்த்தும் இயந்திரத்தின் கன்ட்ரோல் போர்டைக் காணவில்லை. ஷெட்டின் பூட்டு உடையவில்லை.

பதினொரு மணிக்கு முதலீட்டாளர்கள் வருகிறார்கள். இயந்திரம் ஓடினால் பணம் போடுவார்கள். ஓடாவிட்டால் போட்டி யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். நகரத்தில் இருந்த வலியசாலை வீட்டை விற்று இந்த ஷெட்டைக் கட்டிய தாணுமாலையன் வாசலில் நின்றார். அவர் கொண்டுவந்த புதுப் பெயர்ப்பலகை, பத்திரிகைத்தாள் சுற்றியபடி சுவரில் சாய்ந்திருந்தது.

9.40. எஸ்.ஐ. பொன்னம்மை, கான்ஸ்டபிள் ஷிபுவோடு வந்தார்.

"சாவி ஆருகிட்ட உண்டு?"

"மூணு பேர்கிட்ட மேடம். நான், மச்சினன் ஹரிகுமார், வேலைக்கு வாற எலிசாள். நான் ஒம்பது மணி பஸ்லதான் இறங்கினேன்."

ஹரிகுமார் முன்னால் வந்தான். பலாவில் நல்ல வருமானம் உண்டென்று அத்தானை இதில் இறக்கியவனே அவன்தான்.

"ஆறு மணிக்கு நானும் எலிசாளும் மெஷினை ஓட்டிப் பாத்தோம், நல்லா ஓடிச்சு. பிறகு பின்பக்கம் உக்காந்து பழம் வெட்டினேன். ஒம்பது வரைக்கும் எழும்பல்ல. நாற்பது கிலோ சுளை, வந்து பாருங்கோ."

"எலிசாள்?"

"முற்றத்துல, ஒத்தைக்கு. சாவியும் அவகிட்ட உண்டு, உள்ளே போனாளான்னு நான் பாக்கல்ல."

எலிசாள் அழுதாள். "நான் முற்றம்தான் தூத்தேன் மேடம். எனக்க பிள்ளையள் மேல சத்தியம்."

பொன்னம்மை பின்பக்கம் போனார். இரண்டு டப்பில் சுளை. ஒரு சாக்கில் தோல். மூலையில் ஐந்து முழுப் பழங்கள். மேசையில் பளபளவென்று கத்தி. பக்கத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டில், சீல் பிரிக்காதது.

"உங்க ஃபோனைத் திறங்க."

ஹரிகுமார் விரல் வைத்ததும் திறந்தது.

"கை கழுவியாச்சா?"

"பின்னே? சோப்பு போட்டு."

10.25. எல்லாரையும் கூப்பிட்டார்.

"பலாப்பழம் வெட்டணும்னா கையிலயும் கத்தியிலயும் முதல்ல எண்ணெய் தடவணும். இல்லேன்னா பால் ஒட்டிப் பிடிக்கும், சோப்புக்குப் போகாது. இங்கே பாட்டில் பிரிக்கவேயில்ல. கத்தியில ஒரு பொட்டுப் பாலில்ல. கையும் சுத்தம், விரல் வச்சதும் ஃபோன் திறந்துது. ஹரிகுமார், நீங்க ஒரு பழம்கூட வெட்டல்ல. இத்தனை சுளை வெட்டித் தர இங்கே ஆரு உண்டு? போட்டி யூனிட்டுதான். பின்கேட்டுல அவங்க இறக்கித் தந்தாங்க; அந்த மூணு மணி நேரத்துல நீங்க போர்டைக் கழத்தினீங்க. தோலைக்கூட மறக்காம வாங்கி வச்சீங்க. எண்ணெயை மறந்துட்டீங்க."

கான்ஸ்டபிள் ஷிபு ஹரிகுமாரின் பைக் சீட்டைத் தூக்கினார். துண்டில் சுற்றிய போர்டு கிடைத்தது.

ஹரிகுமார் தலை குனிந்தான். "அவங்க மேனேஜர் வேலை தாறோம்னாங்க அத்தான். இங்கே நான் யாரு? கடைசிவரை உங்க மச்சினன்தானே?"

தாணுமாலையன் பெயர்ப்பலகையின் தாளைக் கிழித்தார். 'ஹரிகுமார், மேனேஜிங் டைரக்டர்.'

"அவங்க முன்னால திறக்கணும்னு வச்சிருந்தேன்லே." கூடவே சாப்பிட்டவன் இப்படிக் குழி பறித்துவிட்டானே என்று நெஞ்சு எரிந்தது. "அதுவும் போட்டும். பாவப்பட்ட எலிசாள் மேல பழியைப் போட எப்படிலே மனசு வந்துது?"



10.55. போர்டு பொருத்தியாயிற்று. கீழே வளைவில் கார் சத்தம் கேட்டது. தாணுமாலையன் எண்ணெய் பாட்டிலைப் பிரித்து இரண்டு கையிலும் தடவிக்கொண்டு முழுப்பழத்தின் முன் உட்கார்ந்தார். எலிசாள் கத்தியை எடுத்துக் கொடுத்தாள்.

"இவனைப் பின்கேட்டு வழியா கூட்டிட்டுப் போங்க மேடம்," என்றார், திரும்பிப் பார்க்காமல். "வாறவங்க இது ஆருன்னு கேட்டா, எனக்குச் சொல்லத் தெரியாது."