சோதித்துப் பார்க்காத வரி

வெயில் நகரவில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழலோடு ஹாலுக்குள் நுழைந்து, தரையில் மூலை உடைந்த டைல் வரைக்கும் நீண்டு கிடந்தது. அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபோதும் அங்கேதான் இருந்தது. ஆறு பக்கம் அடித்துவிட்டு நிமிர்ந்தபோதும் அங்கேயேதான். மேகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மேகம் வந்தால் வெயில் மங்குமே தவிர, நின்று வேடிக்கை பார்க்காது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? யோசிக்க நேரமில்லை, அவ்வளவுதான்.

மூன்றரைக்கு மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுவாள். எட்டு வயது, வீட்டில் வாலு என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அவளுடைய அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. பெல் அடித்தால் கதவைத் திறக்க அம்மாவை விட்டால் ஆளில்லை. அதற்குள் கையேட்டை அனுப்பியாக வேண்டும்.

புதிதாக வந்திருக்கும் ஒரு பிராசஸருக்கான கையேடு. கம்ப்யூட்டர் திடீரென்று செத்து விழுந்தால் என்ன நடக்கும் என்கிற அத்தியாயம் இவள் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் மென்பொருளுக்குப் பெயர் கெர்னல். அது விழப்போகும் நாளுக்காக, நினைவகத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி இன்னொரு சின்ன கெர்னலைத் தூங்கவைத்திருப்பார்கள். பெரியது விழுந்ததும் சின்னது எழும். பெரியதின் நினைவில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒரு கோப்பில் எழுதிவைக்கும். எழுதி முடித்ததும் மெஷின் புதிதாகத் தொடங்கும். சின்னதின் பிழைப்பு அவ்வளவுதான்.

காலையில் மேலதிகாரி போன் செய்தார். ஒரு கமா இடம் மாறினாலும் உயிரை வாங்குகிற மனிதர். ஆபீசில் அவருக்குப் பெயரே கமா. இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் படியையும் தன் கையால் செய்து பார்த்து, ஓரத்தில் டிக் போட்ட பிறகுதான் எழுத வேண்டும். கடைசிப் படியை மட்டும் இவள் செய்து பார்க்கவில்லை. ‘மெஷின் மறுபடி தொடங்கும், எல்லாம் பழையபடி இருக்கும்’ என்று எழுதி, டிக்கையும் போட்டுவிட்டாள். அதையும் செய்து பார்த்தாயிற்றா என்று கமா கேட்டபோது, பார்த்தாச்சு சார் என்று வாய் கூசாமல் சொன்னாள்.

அவர் விடவில்லை. “ஏம்மா, பெரியது போயிடுச்சுன்னு அந்தச் சின்னதுக்குத் தெரியுமா?”

“அதுக்கென்ன சார் தெரியும்? எழுப்பினா எழுந்து எழுதும். தெரிஞ்சா எழுதுமா?”

இருவரும் சிரித்தார்கள். அப்புறம்தான் முகம் கழுவப் போனாள். ஈரத்தில் கால் வழுக்கியது. வாஷ்பேசின் விளிம்பில் பின்மண்டை மோதிய சத்தம் தேங்காய் உடைத்ததுபோல் கேட்டது. ஆனால் அடுத்த நிமிடமே இங்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். வலிகூட இல்லை.

குளியலறைக் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாரம் முழுக்க மாடிவீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்த டிரில் ஓய்ந்திருந்தது. ஃபிரிட்ஜின் முனகல் இல்லை, தெருவில் ஒரு ஹாரன் இல்லை, அந்த ஒரு தண்ணீர்ச் சத்தம் மட்டும் சோப்பு வாசனையோடும், அதற்கடியில் துருப்பிடித்த இரும்பின் வாடையோடும் கதவிடுக்கு வழியே வந்துகொண்டே இருந்தது. போய் மூட வேண்டும் என்று நினைத்தாள். விரல்கள் நிற்கவில்லை.

சுவரில் காலண்டர் தொங்கியது. அதில் தேதி இல்லை, படம் இல்லை, வெறும் வெள்ளை. படுக்கையறைக் கதவு தெரிந்தது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? கட்டில் இருக்கும். என்ன கட்டில்? எவ்வளவு யோசித்துப் பார்த்தும் கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. சின்ன கெர்னல் எழும்போது எழுதத் தேவையான சாமான் மட்டும்தான் அதற்குக் கிடைக்கும், மற்றதெல்லாம் அணைந்திருக்கும் என்று மூன்றாம் பக்கத்தில் அவளேதான் எழுதியிருந்தாள்.

மூன்றாம் பக்கத்துக்குப் போனாள்.

‘வாலு பிறந்தபோது எடை இரண்டு கிலோ அறுநூறு. வலது காதுக்குப் பின்னால் மச்சம். இருட்டென்றால் பயம், வெளியே சொல்லமாட்டாள். அவள் அப்பா கடைசியாகக் கேட்டது தண்ணீர்.’

கையேடு எங்கே? மேலே போனாள். கீழே வந்தாள். ஆறு பக்கமும் அதுதான். அவளுடைய முதல் சம்பளம். அம்மாவின் செருப்புச் சத்தம். அழுதது, பொய் சொன்னது, எல்லாம். ஒன்று விடாமல்.

எழுந்தாள். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

ஒரு பாதம். கட்டைவிரல் நகத்தில் கோணல்மாணலாக ஊதா பாலிஷ். ஞாயிற்றுக்கிழமை வாலு போட்டுவிட்டது. இவள் நைட்டிதான். இவள் முகம்தான். கண் திறந்திருந்தது. தண்ணீர் சிவப்பாக ஓடியது.

பெல் அடித்தது.

“அம்மா!”

ஓடினாள். வாசல் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தாள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. விரல்கள் காற்றில் தட்டிக்கொண்டே இருந்தன. லேப்டாப் திரையில் எழுத்துகள் தாமாக வந்து விழுந்தன. ‘எழுதி முடிந்தது. மறுதொடக்கம்.’

வேண்டாம் என்று கத்தினாள். சோதித்துப் பார்க்காத அந்த ஒரு வரி பாக்கி. இன்னும் ஒரே வரி.

குழாய் நின்றது. யாரோ மூடினார்கள்.

வெயில் ஒரே தாவலில் எதிர்ச் சுவருக்குப் போனது. மாடியில் டிரில் அலறியது. குளியலறையிலிருந்து ஈரக் காலடிகள் வந்தன. நிதானமாக. ஊதா நகம். அது இவள் ஊடாகவே நடந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தது.

வாலு பையைக் கீழே போட்டுவிட்டு, எப்போதும்போல் அதன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அது குழந்தையின் கைகளை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விலக்கியது. குனிந்தது. தலையிலிருந்து ஒரு சொட்டு யூனிஃபார்மில் விழுந்தது. அது நல்லபடியாகச் சிரித்தது.

“யாரு வேணும் பாப்பா?”