பெரிய துண்டு கல்யாணராமனுக்கு!

"ஐயோ... ராஜமணி மூச்சு விடலையே!"

அலறியவன் பஞ்சாபகேசன்.

எதிர்க்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வள்ளமேறித் துடுப்புப் போட்டு வந்தார்கள். போலீசுக்கு ஆள் பறந்தது.

1938. பங்குனி வெயில் காலையிலேயே சுட்டது.

திருவல்லத்துக்குத் தெற்கே, கரமனை ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஒரு மணல்திட்டு. இழுத்துப் போட்ட வள்ளம். ஒரு கித்தான் கூடாரம். அதற்குள்ளே நீலம் பாரித்த உதடுகளுடன் ராஜமணி...

பிணமாக!

இன்ஸ்பெக்டர் தாணுலிங்கம் தூக்கக் கலக்கத்தில் தள்ளாடியபடி வந்து சேர்ந்தார். கோயில் திருவிழா பந்தோபஸ்து முடிந்து இன்றாவது படுக்கலாம் என்றிருந்தார்.

"சாகுறதுக்கு நல்ல நாள் பாத்தாம் வே!" என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "யாரு நீங்க?"

"கரமனை அக்ரஹாரம், ஸார்," என்றான் பஞ்சாபகேசன். "மூணு பேரும் ஒரே ஆபீஸ்ல குமாஸ்தா. லீவுக்கு வள்ளம் எடுத்துண்டு வந்தோம். சும்மா... காத்து வாங்க."

"தூண்டில் கிடக்கே?"

"பொழுதுபோக்கு ஸார். பிடிச்சு, திரும்ப விட்டுடுவோம்."

"நேத்து என்ன சாப்பிட்டிய?"

"புளியோதரை!" பஞ்சாபகேசன் குரலைத் தாழ்த்தினான். "கல்யாணராமன்தான் பெசஞ்சு குடுத்தான். அவனுக்கும் ராஜமணிக்கும் ஆபீஸ்ல பிரமோஷன் தகராறு கேட்டேளா... நான் ஒண்ணும் சொல்லலை ஸார்!"

"சொல்லாததே இவ்வளவா!"

தாணுலிங்கம் திரும்பினார். கல்யாணராமன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"நெசந்தானா ஐயரே?"

"ஆமாம். புளியோதரைதான். நான்தான் குடுத்தேன்."

"விஷம் வச்சீரா?"

கல்யாணராமன் விரலால் மணலைக் கீறினான்.

"தூக்குல போடுவாவ வே!"

"போடட்டும் ஸார்."

கயிற்றுக்கு இத்தனை அவசரப்படும் ஆளா! தாணுலிங்கத்தின் தூக்கம் கொஞ்சம் கலைந்தது.

கல்யாணராமன் கூஜாவை எடுத்துத் தண்ணீர் குடித்தான். பாதி தண்ணீர் உதட்டோரம் வழிந்து மார்பை நனைத்தது.

அவனுக்கு அது தெரியவே இல்லை!

"உதடு மரத்துப் போச்சோ?"

கல்யாணராமன் திடுக்கிட்டான்.

"மீனு தின்னியளா வே?"

"ஐயோ... மெதுவா ஸார்!" அவன் உடைந்து அழுதான். "தங்கை சூடாமணிக்குச் சித்திரையில கல்யாணம். மீன் விஷயம் வெளியில வந்தா சம்பந்தி கல்யாணத்தையே நிறுத்திடுவார். அதுக்கு நான் தொங்கிடறேன்!"

பஞ்சாபகேசன் சட்டென்று குழைந்தான்.

"அதுக்காகத்தான் நானும் மறைச்சேன் ஸார். விபத்துதான்! ஒருதரம் ருசி பாக்கலாம்னு... மீனைப் பத்தி எங்களுக்கென்ன தெரியும்?"

"எப்படி இருந்துது மீனு?"

"உருண்டையா," என்றான் கல்யாணராமன். "பிடிச்சதும் பந்து மாதிரி ஊதித்து."

பேத்தை! வயிறு முழுக்க விஷம்! கடற்கரையில் பூனைக்குக்கூடப் போடமாட்டார்கள்.

சரி... விபத்து. எழுதிவிட்டுப் போய்ப் படுக்கலாம். தாணுலிங்கம் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வேற மீனே மாட்டலியா?"

"மாட்டித்து ஸார். தட்டையா, முதுகுல முள்ளோட, கறுப்புப் பட்டை போட்டு ரெண்டு. அதைப் பஞ்சு ஆத்துல விட்டுட்டான். உருண்டையை மட்டும் குடலோட சட்டியில போட்டான்."

"ருசிக்கே பேர்போன கரிமீனை ஆத்துல விட்டானா!"

பிணத்தைப் பார்த்தபோதுகூட அவர் இப்படி அதிரவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

"யாரு பரிமாறுனா?"

"பஞ்சுதான். பெரிய துண்டு எனக்கு வெச்சான். வாயில வெச்சதும் குமட்டித்து, துப்பிட்டேன். ராஜமணி என்னோடதையும் வாங்கித் தின்னான்."

"பஞ்சாபகேசன்?"

"அவன் தின்னலை. சந்தியாவந்தனம் பண்ணிண்டிருந்தான். ஆனா மீன் பிடிக்கலாம்னு எங்களை இழுத்துண்டு வந்தது அவன்தான். மாசாமாசம் தனியா வர்றவன்."

பஞ்சாபகேசன் மெல்லப் பின்வாங்கினான்.

"மீனு தெரியாதவன் மூணையும் சட்டியில போடுவான்," என்றார் தாணுலிங்கம். "தெரிஞ்சவன் பேத்தையை வீசுவான். நல்லதை வீசிட்டு விஷத்தை மட்டும் எடுத்து வச்சவன் கொலைகாரன்! ஐயரே, சாக வேண்டியது நீரு! தப்பிச்சதனால பழியை உம்ம தலையில போட்டான்."

"பஞ்சு..." கல்யாணராமன் எழுந்து நின்றான். "சூடாமணியை உனக்குக் குடுக்கலைங்கறதுக்காகவா?"

"எத்தனை தரம்டா உன் வாசல்ல வந்து நின்னேன்!" பஞ்சாபகேசன் வெடித்தான். "நீ செத்தா ஒரு வருஷம் கல்யாணம் நடக்காது. அதுக்குள்ள..."

வள்ளத்தை நோக்கி ஓடினான். கான்ஸ்டபிள்கள் அமுக்கினார்கள். விலங்கு விழுந்தது.

"ஸார்..." கல்யாணராமன் கைகூப்பினான். "கோர்ட்டுல மீன்னு எழுதினா, சூடாமணி..."

"எழுதத்தான் வேணும். நீரு துப்பிட்டீர்னும் எழுதுவேன். துப்பினவன் தின்னவன் இல்ல வே! சம்பந்திகிட்ட நானே வந்து சொல்லுதேன். தூங்கி எந்திரிச்சிட்டு."

பஞ்சாபகேசன் இளித்தான்.

"ஓய் பிள்ளைவாள்! நெத்தி நிறைய விபூதி, சுத்த சைவம்! கரிமீனும் பேத்தையும் உமக்கு எப்படித் தெரியும்?"

தாணுலிங்கம் நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.

"வீட்டுலதான் வே சைவம்... வெளியில நான் டூட்டியில இருக்கேன்!"