நடுவில் நின்றவன்

கோரிப்பாளையத்தில் காரை எடுத்தபோதே அப்துல் அலீம் கவனித்துவிட்டான். ஆளில்லாத இடப்பக்க சீட், யாரோ உட்கார்ந்திருப்பதுபோல அமுங்கிக் கிடந்தது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பேரையூர்க் கண்மாய்க்கரை வரும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அது 1938. கூரையில்லாத பந்தயக் கார் வைத்திருந்த நண்பர்கள் நான்கு பேர், மாதம் ஒருநாள் சேர்ந்து ஓட்டிப்போய்ப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போன மாதம் சிவனாண்டி இந்தக் கண்மாய்க்குள் காரோடு கவிழ்ந்து செத்தான். கரையில் அவன் முந்த வந்தபோது வேண்டுமென்றே காரைக் குறுக்கே ஒடித்தவன் அலீம். அது யாருக்கும் தெரியாது. இங்கே வரத் தயங்கினால் தெரிந்துவிடும் என்பதால்தான் இடத்தையும் அவனே சொன்னான். செத்தவனைக் கண்டு என்ன பயம்!

சாயங்கால வெயிலில் சூடான எஞ்சின்களின் எண்ணெய் வாடை எழ, கருவேலங்காய்கள் காற்றில் கிலுகிலுக்க, மூன்று கார்களின் நிழலும் நீண்டு, கரைச் சரிவில் இறங்கி, கலங்கிய தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

போட்டோக்காரர் கண்ணுச்சாமி கேமராவை நிறுத்திவிட்டுத் தயங்கினார்.

"மூணு பேரா நிக்காதீக. நடுவுல நிக்கிறவுகளுக்கு ஆகாது."

மற்ற இரு நண்பர்கள், நூருல் அமீனும் பால்பாண்டியும், விலகப் பார்த்தார்கள். அலீம் இருவரையும் இழுத்துத் தன் இரு பக்கமும் நிறுத்தினான்.

"நடுவுல நான் நிக்கிறேன். என்ன ஆகுதுன்னு பாத்துருவோம். எடுங்கண்ணே!"

கண்ணுச்சாமி முணுமுணுத்தபடி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். தலைகளை எண்ணுவது கேட்டது.

"அட, நாலு பேரு இருக்கீகளே. பெறகென்ன? யாரும் அசையாதீக."

வேடிக்கை என்று நினைத்து அமீன் சிரித்தான். அலீமின் பின்கழுத்தில் ஈரம் பட்டது. சேற்று வாடை. தோளில் ஒரு கை விழுந்தது. அமீன் கைகளைக் கட்டியிருந்தான். பால்பாண்டியின் கைகள் கால்சட்டைப் பையில் இருந்தன.

ஓடலாம். ஓடினால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

"நில்லு மாப்ள," என்றான் அலீம் முதுகுக்குப் பின்னால் இருந்தவனிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீயும் நில்லு. நான் நகர மாட்டேன்."

கை இறுகியது. மூச்சில் தண்ணீர். அவன் கண்ணை மூடவில்லை. லென்சையே முறைத்தான்.

"எடு!" என்று கத்தப் பார்த்தான்.

வாய் நிறையச் சேறு. சத்தம் வரவில்லை.

"இப்ப மூணு பேருதான் தெரியுது," என்றார் கண்ணுச்சாமி துணிக்குள்ளிருந்து. "அலீம் அண்ணே, எங்க போனீக? நடுவுல யாரு அது, தண்ணி சொட்டச் சொட்ட?"

இருவரும் மெல்லத் திரும்பினார்கள். அலீம் அங்கேதான் நின்றிருந்தான். அவன் முகத்துக்கு நேரே பார்த்து, சிவனாண்டியின் பெயரைச் சொல்லி அலறினார்கள்.